சின்னையாவின் டிஸ்கோ

"அது ஒப்பாரி இல்லண்ணே. டிஸ்கோ."

"டிஸ்கோன்னா எங்க அத்தை ஏன் மாருல அடிச்சிக்குது?"

டிஸ்கோ என்றவன் உடையப்பன். கேட்டவர் மணப்பெண்ணின் அப்பா ஐயாவு. மலேசியாவில், ஈப்போவின் புந்தோங் கோயில் மண்டபத்தின் நடுவில் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அடிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார். அவருக்குப் பின்னால் ஐந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு, முறைப்படி அழுதுகொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியை நிறுத்தி ஐந்து நிமிடம் ஆகியும் அவர்கள் நிறுத்தவில்லை. தைப்பிங்கிலிருந்து பேருந்து பிடித்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டாரில் பாதிப் பேர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். முகூர்த்தம் முடிய இன்னும் முக்கால் மணி நேரம்தான்.

உடையப்பனை ஈப்போவில் தெரியாதவர்களே இல்லை என்று உடையப்பன் சொல்வான். கேசட் கடையில் பெட்டி அடுக்கியவன், தோட்டத்துத் திருவிழாக்களில் போங்கோ மேளம் அடித்தான். பிறகு பாட்டெழுதினான். எண்பத்திரண்டில் 'மலர்க்கொடி' என்று ஒரு கேசட் போட்டான். அதன் அட்டையில் பாடல், இசை, குரல், தயாரிப்பு, ஓவியம் ஆகிய ஐந்துக்கும் எதிரே ஒரே பெயர்தான். படத்திலும் ஒரே ஆள்தான், கழுத்தில் கம்பளித் துண்டோடு. ஈப்போ வெயிலில் கம்பளித் துண்டு போட மனவலிமை வேண்டும். அது அவனிடம் நிறையவே இருந்தது.

தலைப்புப் பாட்டு பிடித்துக்கொண்டது. கமுந்திங் தொழிற்சாலைப் பெண்கள் பேருந்தில் அதை முணுமுணுத்தார்கள். உடனே உடையப்பனுக்குப் படம் எடுக்க வேண்டும் என்று தோன்றியது. முழுநீளக் கலர் வீடியோ படம், கதாநாயகனும் அவனே. உச்சக்கட்டத்தில் மலர்க்கொடிக்கு வேறொருவனோடு கல்யாணம் நடக்கும். கூட்டத்தில் நின்று அவன் பார்ப்பான். அதற்கு முந்நூறு பேர் வேண்டும், அதுவும் பட்டுடுத்தி, பூ வைத்து. அத்தனை பேரை எங்கே தேடுவது? நிஜக் கல்யாணத்தில் அவர்கள் தாமாகவே வந்து நிற்கிறார்களே. ஐயாவுக்குக் கல்யாண வீடியோ இலவசம். பதிலுக்குத் தாலிக்கு முன் ஐந்து நிமிடம் மண்டபம் அவனுக்கு. பேச்சு சுமுகமாக முடிந்தது.

வெள்ளிக்கிழமை படத்தோடு வந்தால் தீபாவளிக்குப் போடுவதைப் பற்றி யோசிக்கலாம் என்று தொலைக்காட்சி அதிகாரி ஒருவர் சொல்லியிருந்தார். படம் பிடிக்க வந்த சீனியின் மச்சான் இரவல் கொடுத்த கேமரா திங்கட்கிழமை திரும்பிப் போகிறது. இந்தக் கூட்டம் கலைந்தால் படம் முடிந்தது.

கெடுத்தது அவனுடைய கலையுணர்ச்சிதான். இரண்டு வருடமாக அந்தப் பாட்டு குதித்துக்கொண்டு ஓடியதால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கல்யாணக் காட்சிக்குச் சோகம் வேண்டுமென்று போங்கோவை எடுத்துவிட்டு, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, புதிதாகப் பதிவு செய்திருந்தான். முதல் வரி ஒலிபெருக்கியில் வந்ததுமே எட்டாங்கட்டை ரப்பர் தோட்டத்துப் பெண்கள் காலைப் பலகாரப் பந்தியில் பாதியில் எழுந்து வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

ஏனென்றால் மெட்டு சின்னையாவுடையது. எழுபத்தெட்டில், அந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த சின்னையா இறந்து, லயத்து வீட்டில் கிடத்தப்பட்டிருந்தபோது, அவர் மனைவி செல்லாயி அழுத மெட்டு. மண்ணின் இசையைத் தேடிப் போன உடையப்பன் டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தான். யாரும் தடுக்கவில்லை. சாவு வீட்டு அழுகையைப் பதிந்து இந்தியாவிலிருக்கும் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவது அப்போது வழக்கம். சின்னையாவின் தம்பிதான் யாரையோ ஏற்பாடு செய்திருக்கிறார் என்று நினைத்து அவனுக்கு நாற்காலி போட்டார்கள், காப்பி கொடுத்தார்கள். செல்லாயியும் மைக்கைப் பார்த்தே அழுதாள், ஊரிலிருக்கும் கொழுந்தன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு. 'பால்வாளி சுமந்த தோளே' என்று அவள் அழுததை உடையப்பன் 'பாலாடை போன்ற தோளே' என்று மாற்றினான். பாடலாசிரியர் என்று போட்டுக்கொள்ள அவ்வளவு உழைப்பு போதாதா?

ஐயாவு வழி சொன்னார். செல்லாயி அக்கா அடுப்படியில்தான் இருக்கிறது. அது வாசலில் நின்று இது என் அழுகை இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பெண்கள் எழுந்துவிடுவார்கள், சம்பந்திகளும் உட்கார்ந்துவிடுவார்கள். "இல்லன்னா உன் கேமராவும் இருக்காது லா, நீயும் இருக்க மாட்ட."

செல்லாயி பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தாலி கட்டும் இடத்துக்குக் கைம்பெண் வரக்கூடாதென்று யாரும் சொல்லவில்லை, அவளே வரவில்லை. உடையப்பன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கலைக்குச் சொந்தக்காரர் கிடையாது என்று தொடங்கினான். மக்களிடமிருந்து எடுத்து மக்களுக்கே கொடுப்பவன் கலைஞன் என்றான். உலகமே அப்படித்தான் என்றான். அவள் ஒரு கட்டு பயற்றங்காயை முடிக்கும்வரை உலகம் நீண்டது.

"அன்னிக்கு நாற்காலியில உக்காந்திருந்தது நீதானா?" என்றாள்.

"ஆமாங்க்கா."

"இந்தியாவுக்கு அனுப்பினியா?"

அந்தக் காலத்தில் தபால் சரியில்லை என்றான்.

"அப்ப டேப்பு உங்கிட்டதான் இருக்கு."

"பத்திரமா இருக்குக்கா."

கேசட் பத்திரமாகத்தான் இருந்தது. நல்ல ஜப்பான் டேப், வீணாக்க மனம் வரவில்லை. மெட்டை மனப்பாடம் செய்துகொண்டபின், இரண்டு பக்கமும் அந்த அழுகையின் மேலேயே போங்கோ அடித்துப் பதிவுசெய்து பழகியிருந்தான்.

செல்லாயி கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள். "புள்ள கல்யாணம் நிக்கக்கூடாது. சொல்லிடுறேன். நீ செஞ்சத அப்புறம் பாத்துக்கலாம்."

உடையப்பனுக்கு உயிர் வந்தது. புகைக்கு நடுவே ஒரு கைம்பெண் நடந்து வருவது நல்ல ஷாட் என்றுகூடத் தோன்றிவிட்டது. சீனிக்குச் சைகை காட்டினான். அவளை அடுப்படி வாசலில் கண்டதும் மண்டபம் அடங்கியது. அழுதவர்களும் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்கள். ஐயாவு கையைப் பிசைந்தார்.

செல்லாயி வாயைத் திறந்தவள், நிறுத்திவிட்டு, அவன் பக்கம் திரும்பினாள். அவனுக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகப் பேசினாள்.

"தம்பி, அன்னிக்கு அவரப் பத்தி என்னென்ன சொல்லி அழுதேன்னு எனக்கே மறந்துபோச்சு. பந்தி முடிஞ்சதும் அந்தப் பழைய டேப்ப எனக்கு ஒருவாட்டி போட்டுக் காட்டுறியா?"