மூன்று மனசாட்சிகளும் ஒரு நூக்கோலும்

அக்டோபரில் ஃப்ரைபுர்க் நகரத்தில் வாடகைக்கு ஓர் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. இரவில் தோழியின் சமையலறைத் தரையில் படுத்து, பகலில் வீடு வீடாக நேர்காணலுக்குப் போய்வந்த மரைக்கேவுக்குக் கடைசியாக மிஞ்சியது ஒரே ஒரு வீடு. அங்கே குடியிருக்கும் டோர்த்தே, யோஸ்ட், ஹென்னிங் மூவரும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். அதற்கு ஒரு பரீட்சை: ஞாயிறு மதியம் அவர்களுக்கு அவள் சமைத்துப் போட வேண்டும், அதுவும் வீட்டுச் செயலி சொல்கிறபடி பொருள் வாங்கி.

எதெல்லாம் பாவம் என்று நினைக்கிறோமோ அதையெல்லாம் செயலியிடம் சொல்லிவிட்டால் போதும். கடையில் பொருளைப் போனில் காட்டியதும் பச்சையோ சிவப்போ தெரியும், காரணமும் வரும். இவர்களோ மூவரின் பாவங்களையும் ஒரே கணக்கில் ஏற்றி வைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை மாலை கடைக்குப் போனாள். மறுநாள் ஊரில் எல்லாக் கடையும் அடைப்பு. தக்காளி சிவப்பு: ‘எரிபொருளை வீணாக்கிச் சூடேற்றிய கண்ணாடிக் கூடத்தில் வளர்ந்தது, டோர்த்தேவுக்கு ஆகாது.’ பருப்பு சிவப்பு: ‘பிளாஸ்டிக் உறை, ஹென்னிங்குக்கு ஆகாது.’ உப்புக்கூடச் சிவப்பு. உப்பு யாருக்கு என்ன துரோகம் செய்தது என்று பார்த்தால், தொழிலாளர் சங்கம் இல்லாத சுரங்கத்தில் வெட்டியதாம். பக்கத்து ஊர் வயலில் விளைந்த நூக்கோல் மட்டும் பச்சை.

நூக்கோலோடு கல்லாவுக்கு வந்தவள், கையில் ஒரு வெண்ணெய்ப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கன்றைப் பிரித்துக் கறந்த பாலாம், யோஸ்டுக்கு ஆகாதாம். பின்னால் வரிசை முனகியது.

“ஏம்மா, வெண்ணெய் வாங்குறியா, அதுக்கு மாப்பிள்ளை பாக்குறியா?” என்றாள் கல்லாக்காரி.

“சிவப்பு காட்டுதுங்க.”

“அதுகிட்ட என்னைக் காட்டினா நானும் சிவப்புதான். எடு, இல்ல வை.”

வெறும் நூக்கோலைப் போட்டாலும் அறை போகும், வெண்ணெய் போட்டாலும் போகும். போகிறதுதான் போகிறது, வாய்க்கு ருசியாகவாவது போகட்டும். வாங்கிவிட்டாள்.

ஞாயிறு மதியம் நூக்கோல் வெண்ணெயில் மிதந்தது.

“வெண்ணெயா இது?” என்றான் ஹென்னிங்.

“ஆமா, சிவப்புதான். தெரிஞ்சேதான் வாங்கினேன்.”

“கன்னுக்குட்டிய நெனச்சுப் பாத்தியா?” என்றான் யோஸ்ட், வாய் நிறைய.

“பாத்தேன். அப்புறம் உங்க மூணு பேரையும் நெனச்சுப் பாத்தேன். கன்னுக்குட்டி தேவலாம்னு தோணிச்சு.”

“யோஸ்ட், அது ரெண்டாவது தட்டு,” என்றாள் டோர்த்தே, தன் தட்டை ரொட்டியால் வழித்தபடி.

“விசாரணைக்காகத்தான் சாப்பிடுறேன்.”

செயலி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் சேர்ந்து சமைத்ததே இல்லை. அவரவர் அறையில் அவரவர் காய்ந்த ரொட்டி. மூவரும் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். அறை போயிற்று என்று மரைக்கே பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

திரும்பி வந்த டோர்த்தே தொண்டையைச் செருமினாள். “அறை உனக்குத்தான். ஒரே நிபந்தனை. இனிமே கடைக்கு நீதான் போகணும்.”

“செயலியோடவா?”

“வேணாம்!” மூவரும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

“நீ என்ன வாங்குறேன்னும் எங்களுக்குத் தெரிய வேணாம்,” என்றான் ஹென்னிங். “பாவம் வாங்குறவங்களுக்குத்தானே?”

சமையலறைத் தரைக்கு நரகம் தேவலாம், அங்கே ஒரு மெத்தையாவது இருக்கும் என்று நினைத்து மரைக்கே தலையாட்டினாள்.

மற்ற இருவரும் போனபின் யோஸ்ட் மட்டும் நின்றான். குரலைத் தாழ்த்தினான். “நாளைக்குப் போறப்ப... அந்தப் புகை போட்ட சாசேஜ்... உனக்குப் பிடிக்குமில்ல?”

“உயிர்,” என்றாள் அவள். “எவ்வளவு பிடிக்கும் எனக்கு? கால் கிலோவா, அரை கிலோவா?”