ஆடுகள் மிதித்துக் கொடுத்த பாதை

முந்நூறு ஆடுகள் சேர்ந்து என் காரைப் பூமிக்குள்ளிருந்து மீட்டுக் கொடுத்தன. பாதாளத்தில் யாரோ இருமியதுகூட எனக்குக் கேட்டது, அவ்வளவு ஆழம்.

முப்பத்தொரு வருடம் ரோடு ரோலர் ஓட்டி ஓய்வுபெற்றவன் நான். மணிக்கு நாலு கிலோமீட்டர். அப்படிப்பட்டவன், அனுமந்தன்பட்டியிலிருந்து ராஜஸ்தான் பாலைவனம்வரை சொந்தக் காரில் போகத் திட்டம் போட்டேன். என் மனைவி பவானிக்குப் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. அடுத்த வருடத்துக்கு உத்தரவாதமில்லை என்றார் டாக்டர்.

"பொறந்ததுலேருந்து எங்கிட்டுத் திரும்புனாலும் மலை. மலை மறைக்காத வானத்த ஒரு தடவ பாத்தாப் போதும்" என்றாள்.

குறுக்கே நின்றவர் அவள் அண்ணன் சுருளிவேல். "மணல்ல பொதைஞ்சா அங்கன யாரு மாப்ள தூக்குவா?"

பவானிக்கு அண்ணன் சொல்தான் முடிவு. "அண்ணன வச்சு ஓட்டிக் காட்டுங்க. அவுக சரின்னா வாரேன்."

ஆண்டிபட்டிப் பக்கம் வற்றிக் கிடந்த கண்மாயில் ஒத்திகை. டிக்கியில் ஆறு மூட்டை ஜல்லி ஏற்றியிருந்தேன். எடை கூடினால் மண் அடங்கும் என்பது ரோலர்காரன் புத்தி. டயரிலும் காற்றைக் கல்லுப்போல அடைத்திருந்தேன். நடுக்கண்மாயில் கார் அச்சுவரை இறங்கிவிட்டது.

இரண்டு மணி நேரம் தோண்டினோம். தண்ணீர் அரை பாட்டில்தான் மிச்சம். மச்சான் கேலி செய்வார் என்று காத்திருந்தேன், செய்யவில்லை.

"இதே எடத்துல பவானி உக்காந்திருந்தா?" என்றார்.

தோண்டுவதை விட்டுவிட்டுக் கரைப்பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

அப்போதுதான் சுப்புத்தாய் என்ற பெண் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். ஆடு நடந்த தடத்தில் என் செருப்பு புதையவில்லை. சட்டென்று உறைத்தது: ரோலர் வராத காலத்தில் கண்மாய்க்கரையை ஆடுகளை விட்டுத்தானே மிதிக்க வைத்தார்கள்!

"ஆத்தா, கார்லேருந்து கரைவரைக்கும் பத்துத் தடவ ஓட்டும்மா."

"காருக்கு ரோடு போடச் சொல்ற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்று சிரித்தாலும், ஓட்டினாள். மூட்டைகளை இறக்கினோம். டயரில் பாதிக் காற்றைப் பிடுங்கினேன். மச்சானும் வேட்டியை மடித்துக்கட்டி, 'ஹேய் ஹேய்' என்று ஆடுகளின் பின்னால் ஓடினார். மிதிபட்டு இறுகிய தடத்தில் கார் முக்கி முனகிக் கரையேறியது.

வீட்டுக்கு வந்ததும் பவானியிடம் பாதாளத்து இருமல்வரை சொன்னேன். அவள் நம்பவில்லை.

"இவுக கெடக்காக. நீங்க சொல்லுங்கண்ணே. சிக்குன வண்டிய ஆட்ட வச்சு எடுத்தாகளா?"

'இல்லை' என்று ஒரு சொல் போதும். பயணம் அதோடு முடிந்துபோகும். மச்சானுக்கும் அது தெரியும். அவர் முகத்தைத் தேடித் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள் தங்கை. அதையே வெகுநேரம் பார்த்தார்.

"முந்நூறெல்லாம் இல்ல ஆத்தா. எம்பது இருக்கும்" என்றார் கடைசியில். "ஆனா நெசந்தான். நானும்ல சேந்து ஓட்டுனேன்."