அபராதப் பொங்கல்

ரத்தினசாமியின் சாயப்பட்டறைத் தண்ணீர் ஓடைப் பள்ளத்தில் ஓடியது. பள்ளத்தை ஒட்டிச் செல்லாத்தாளின் தோட்டம். பட்டறை வந்த மறு வருஷமே அவள் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறியது. வெங்காயத் தாள் நுனி கருகியது. அவளுக்கு இருந்தது அந்த ஒரு கிணறுதான்.

எழுபத்து நாலாம் வருஷம் ஊர்க்கூட்டத்தில் முறையிட்டாள். முதலிபாளையத்துக்குக் கிழக்கே சின்ன ஊர். தலைவர் தண்டாயுதபாணி, விருந்துக்கு வந்திருந்த மருமகனைப் பார்த்தார். மருமகன் திருமூர்த்தி கோயமுத்தூரில் பொருளாதாரம் படித்தவர்.

"தண்ணி விடறது அவருக்குச் சும்மா கெடைக்குதுங்க மாமா. அதனாலதான் விடறாரு. அதுக்கு ஒரு வரி போட்டாத் தானாக் கொறைச்சுக்குவாரு."

"வரின்னாச் சர்க்காருக்குப் போயிருமே மாப்பிள்ளை."

"ஊரே வாங்கிக்கலாமுங்க."

ஊருக்கு ஒரு வழக்கம் இருந்தது. அடுத்தவன் காட்டில் ஆடு மேய விட்டவன் முருகன் கோயிலில் ஊருக்கே பொங்கல் வைக்க வேண்டும். அதையே அபராதமாகப் போட்டார்கள். சாயத் தண்ணீர் விடும் நாளெல்லாம் சாயங்காலம் ரத்தினசாமி செலவில் பொங்கல்.

"முருகனுக்குச் செய்யறதுக்குக் குடுத்து வெச்சிருக்கோணுமுங்க" என்றார் ரத்தினசாமி.

அதுவரை இருட்டில் விட்டுக்கொண்டிருந்தவர் மறுநாள் காலையிலேயே மடையைத் திறந்துவிட்டார். ஒளிக்க வேண்டியதில்லை. அபராதம் கட்டியாகிறது.

பெண்கள் காலையில் எழுந்ததும் பள்ளத்தைப் பார்த்தார்கள்.

"செவப்பு ஓடுதா?"

"ஓடுது."

"அப்பச் சாயங்காலம் ஒல வெக்காத."

ஒரு நாள் பள்ளம் வறண்டு கிடந்தது. பூசாரி அய்யாசாமி பட்டறைக்கே போய்விட்டார். "மொதலாளிக்கு ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?"

செல்லாத்தாள் மறுபடியும் கூட்டத்துக்கு வந்தாள். கூட்டம் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது.

"வரி பத்தலீங்க மாமா" என்றார் திருமூர்த்தி. "ஏத்தோணும்."

ஏற்றினார்கள். நெய் கூடுதல். முந்திரி. சர்க்கரைப் பொங்கலோடு வெண்பொங்கலும். ஊரில் எந்தத் தீர்மானமும் இவ்வளவு ஒற்றுமையாக நிறைவேறியதில்லை.

திருமூர்த்தி மாமனாரைத் தனியாகக் கூப்பிட்டார். "வரி வாங்கறவங்களுக்கு அது இனிக்கக் கூடாதுங்க மாமா."

"இனிக்காத பொங்கல யாரு மாப்பிள்ளை திம்பாங்க?"

"என்ற கெணறுங்க?" என்று பின்னாலேயே வந்து நின்றாள் செல்லாத்தாள்.

"கொஞ்சம் பொறு அம்மிணி" என்றார் தலைவர். " அதான் முந்திரி போடச் சொல்லியிருக்கறமல்ல."

வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்கு வந்தாள். அதுவரை அபராதப் பொங்கலுக்கு அவள் வந்ததில்லை. இரண்டு குடத்தில் தண்ணீர், வாயைத் துணியால் கட்டியிருந்தது.

"இன்னைக்கு வெண்பொங்கலுக்குத் தண்ணி என்றதுங்க."

"இப்பத்தான் அம்மிணிக்கு மனசு எறங்கியிருக்குது" என்றார் அய்யாசாமி. தண்ணீர் சுமக்கும் வேலை மிச்சம். துணியை அவிழ்க்காமலே பானையில் வடித்து ஊற்றினாள். கரிபிடித்த பானை. உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

பானை பொங்கும்போது ஊர் கூடி நின்று அரோகரா போட வேண்டும். நின்றார்கள். பானை பொங்கியது. நீல நுரை எழுந்து விளிம்பு தாண்டி வழிந்தது.

"அரோ..." என்றது ஒரு குரல். நின்றுவிட்டது.

அந்த வாரம் பட்டறையில் டிராயர் துணிக்கு நீலச் சாயம்.

"என்ன அம்மிணி இது?" என்றார் தண்டாயுதபாணி.

"என்ற கெணத்துத் தண்ணிங்க. வேற கெணறு எனக்கு ஏதுங்க?"

ரத்தினசாமி முன்னால் வந்தார். "பம்பாய்ச் சாயமுங்க. ஒண்ணும் பண்ணாது."

"அப்ப வெந்ததும் நீங்களே மொதல்ல சாப்பிடுங்க" என்றாள். அபராதம் கட்டுகிறவருக்கே முதல் இலை. அதுவும் வழக்கம்தான்.

வெந்து இறக்கியதும் அவளே பரிமாறினாள். ஊர் முழுக்க அவர் கையைப் பார்த்தது. ரத்தினசாமி சிறிதாக ஓர் உருண்டை உருட்டினார். கண்ணை மூடி விழுங்கினார்.

"நல்லாத்தானுங்க இருக்குது. உப்புக்கூட அளவா இருக்குது."

"உப்பு இன்னும் போடலீங்க" என்றாள் செல்லாத்தாள்.

சாயம் பிடிக்கப் பட்டறையில் உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டுவது ஊருக்குத் தெரியும். வண்டி கோயில் வழியாகத்தான் போகும். ரத்தினசாமி சொம்புத் தண்ணீரைக் கேட்டு வாங்கி, முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தார்.

கூட்டம் அங்கேயே உட்கார்ந்தது. அபராதம் தொடரும். ஆனால் இனிமேல் செல்லாத்தாள் கிணற்றுத் தண்ணீரில்தான் சமையல். முதல் இலை ரத்தினசாமிக்கு, அடுத்த இலை தலைவருக்கு. அந்தத் திருத்தம் திருமூர்த்தி கொண்டுவந்தது. மாமனார் அவரை ஒரு தினுசாகப் பார்த்தார். பிறகு ரத்தினசாமி பக்கம் திரும்பினார்.

"மொதலாளி, நீங்க இனித் தண்ணியே விட வேண்டாம்."

"ஏனுங்க, நான் பொங்கல் வெக்கத் தயாராத்தான் இருக்கறன்."

"வெக்காதீங்க."

"நெய் வேணும்னா இன்னுங்கொஞ்சம்..."

"வேண்டாமுன்னா வேண்டாமுங்க!"

பட்டறைக்குப் பின்னால் கழிவுத் தண்ணீரை நிறுத்தக் குழி வெட்ட ஆரம்பித்தார்கள். அடியில் பாறை. ஆள் பத்தவில்லை என்றதும் தலைவரே மண்வெட்டியோடு வந்தார். பின்னாலேயே பூசாரி. ஊர் நன்மைக்கு இருவரும் வேர்வை சிந்தி யாரும் பார்த்ததில்லை.

செல்லாத்தாள் வந்து குழி மேட்டில் நின்றாள்.

"மொதலாளி, உங்க ஆயில் எஞ்சினக் குடுங்க. என்ற கெணறு தெளியற வரைக்கும் எறைக்கோணும்."

"எடுத்துக்குங்க. எறைக்கற தண்ணிய எங்கீங்க விடறது?"

அவள் குனிந்து குழியைப் பார்த்தாள்.

"இன்னுங்கொஞ்சம் ஆழமா வெட்டுங்க."