மூன்று கணினிகளிலும் ஒரே கடிதம்

மேசைக்கு அடியில் குனிந்து கம்பியைச் செருகிக்கொண்டிருந்தபோதுதான் கணினிக்காரனுக்கு முதல் அடி விழுந்தது. மரக்கடை முதலாளி காதோடு சேர்த்து அறைந்ததில் நெற்றி மேசை விளிம்பில் மோதிக் கண்ணில் பொறி பறந்தது. என்ன ஏது என்று நிமிர்வதற்குள் மரச்சட்டத்தால் தோளில் இன்னொன்று. வெளியே ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒருவன் அடிபடுவது வேலையாட்களுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கடை, கிடங்கு, வீடு என்று மூன்று இடத்துக் கணினிகளிலும் தன் மின்னஞ்சல் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று கேட்டவர் முதலாளிதான். ஒன்றில் வந்தால் மூன்றிலும் வரும், ஒன்றில் அழித்தால் மூன்றிலும் போய்விடும் என்று, இணைத்துக் கொடுத்த அன்றைக்கே அவன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். அவரும் புரிந்ததுபோல் தலையைத் தலையை ஆட்டினார். இன்று காலை வீட்டில் அவர் மனைவி எதையோ படித்துவிட்டு, நேருக்கு நேர் கேட்டுவிட்டாளாம்.

"நீ வீட்டுக்குப் போய் அங்க இருக்கிறதைச் சுத்தமா துடைச்சு எடு. நான் இங்க அழிக்கிறேன். ஒண்ணு மிச்சம் இருந்துச்சு, உன் கையை ஒடிச்சிடுவேன்" என்றார் முதலாளி.

ஏதோ பெண் விவகாரமாக இருக்கும், நமக்கேன் வம்பு என்று நினைத்தபடிதான் அவன் பைக்கை ஓட்டிப் போனான்.

கதவைத் திறந்தவளின் கீழுதடு கிழிந்து வீங்கியிருந்தது. கழுத்தில் விரல் தடங்கள் வரிவரியாகச் சிவந்து கிடந்தன. அவள் அவன் நெற்றியைப் பார்த்தாள்.

"உங்களையுமா தம்பி?"

சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் கணினி ஓடிக்கொண்டிருந்தது. எதிலும் கை வைக்கும்முன் இதைப் படியுங்கள் என்று ஒரு கடிதத்தைக் காட்டினாள். அது ஒரு மனநல விடுதியிலிருந்து முதலாளிக்கு வந்திருந்தது. உங்கள் மனைவிக்குப் புத்தி சரியில்லை என்ற சான்றிதழ் தயார். வியாழக்கிழமை காலை வண்டி வரும். ஊசி போட்டுவிடுவோம், கத்தினாலும் அஞ்ச வேண்டாம். அதற்குக் கீழே முதலாளி எழுதிய கடிதம்: அவள் அப்பா அவள் பெயரில் எழுதிவைத்த வீட்டை விற்க அந்தச் சான்றிதழ் போதுமா என்று கேட்டிருந்தார்.

அன்று புதன்கிழமை.

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நினைச்சிட்டாரு" என்றாள். "இவ்வளவு நாளும் நானும் அப்படியே இருந்துட்டேன்."

அப்போது திரையில் ஒரு வரி காணாமல் போயிற்று. அடுத்து இன்னொன்று. அங்கே கடையில் உட்கார்ந்து முதலாளி ஒவ்வொன்றாக அழிப்பது, கண்ணுக்குத் தெரியாத ஒரு கை பக்கத்திலேயே இருந்து பிய்த்தெடுப்பதுபோல் இருந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்துப் போயின. கணினிக்காரன் தன் கடை வாடகையையும் பெண்டாட்டி பிள்ளையையும் நினைத்துக்கொண்டான். ஆனால் கை அதற்குள் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டிருந்தது. வரிகள் அப்படியே நின்றன. வியாழக்கிழமைக் கடிதம் தப்பியிருந்தது. மிச்சமிருந்தவற்றை எல்லாம் ஒரு பென் டிரைவில் ஏற்றி அவளிடம் நீட்டினான். பெரிய ரோட்டில் மகளிர் காவல் நிலையம் இருப்பதைச் சொன்னான். அவள் பென் டிரைவை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

வாசலில் முதலாளியின் ஜீப் வந்து நின்றது. அவருக்குப் பொறுக்கவில்லை போலும். உள்ளே வந்தவர் பிடுங்கிக் கிடந்த கம்பியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கையோடு கொண்டுவந்திருந்த இரும்புக் கம்பியால் முதல் போட்டைத் திரையில் போட்டார். கண்ணாடிச் சில்லுகள் சாப்பாட்டு மேசையெல்லாம் தெறித்தன. அடுத்ததை அவளை நோக்கி ஓங்கினார். கணினிக்காரன் குறுக்கே கையை நீட்டினான். காய்ந்த குச்சி முறிவதுபோல மணிக்கட்டில் ஒரு சத்தம் கேட்டது.

"போங்கக்கா" என்று கத்திக்கொண்டே, நல்ல கையால் முதலாளியின் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். முதுகில் கம்பி இறங்கியது. மறுபடியும் இறங்கியது. அவன் விடவில்லை. நெற்றிக் காயத்திலிருந்து ரத்தம் வழிந்து ஒரு கண்ணை மறைத்தது. மறு கண்ணால், திறந்து கிடந்த கதவு வழியாகத் தெருவைப் பார்த்தான். கொளுத்தும் வெயிலில், காலில் செருப்புகூட இல்லாமல், அவள் தெருவின் நட்டநடுவில் ஓடிக்கொண்டிருந்தாள். எதிரே வந்த தண்ணீர் லாரி அலறிக்கொண்டு நின்றது. அவள் ஒதுங்கவில்லை. ஒரு கையால் பெரிய ரோட்டுப் பக்கம் காட்டியபடி, ஓட்டுநருக்கு மறுபக்கத்துக் கதவைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தாள்.