புளி போட்டுத் துலக்கிய கோப்பை

பூஜை அலமாரியைத் திறந்த சுமலதா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். வெள்ளிக் கோப்பை இருக்க வேண்டிய இடத்தில், குங்குமப் பொட்டோடு மஞ்சளாக ஒன்று ஜொலித்தது.

"எப்படி வச்சிருக்கேன் பாத்தியா?" என்றாள் அம்மா மணியம்மாள். "நீ குடுத்துட்டுப் போனப்ப கறுத்துக் கெடந்துச்சு. வெள்ளிக்கெழமையானா குத்துவெளக்கோட சேத்து, புளியும் செங்கப்பொடியும் போட்டுத் தேச்சுடுவேன்."

மில்லில் வேலை பார்த்த கை. தேய்த்தால் தேய்த்ததுதான்.

"அது முலாம்மா! வெள்ளி மொத்தமும் போயிடுச்சு!"

போன முறை பெண்கள் ஹாக்கிப் போட்டியில் நாலு நாட்டு அணிகளை மண்ணைக் கவ்வ வைத்தது உள்ளூரான சாரம் அணி. கேப்டன் சுமலதா. ஜெயித்தவர்கள் அடுத்த போட்டி வரை கோப்பையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். சேதப்படுத்தினால் மட்டும் அடுத்த போட்டியில் அவர்களுக்கு இடமில்லை. சுமலதாவோ சென்னையில் ரயில்வே வேலை என்று அம்மாவிடம் அதை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டாள். இன்று மாலை தொடக்க விழா. இலங்கை, மலேசியா, ரீயூனியன் தீவு என்று எல்லா அணிகளும் வந்து இறங்கியாயிற்று.

வண்டியை எடுத்துக்கொண்டு தட்டாஞ்சாவடிக்குப் பறந்தாள். முலாம் பட்டறை வெற்றிவேல் உதட்டைப் பிதுக்கினான்.

"சாயங்காலத்துக்குள்ள ஆவாதுக்கா. ஆமா, இது என்ன, சீர்ப் பாத்திரத்துல வெட்டுற மாதிரி பேர் வெட்டியிருக்கு?"

கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக ஒரு பெயர். பாக்கியலட்சுமி.

சுமலதாவுக்கு இருந்த கொஞ்சநஞ்ச உயிரும் போய்விட்டது. இந்தப் போட்டியை ஆரம்பித்ததே பாக்கியலட்சுமி டீச்சர்தான். சேதம் பற்றிய விதியைப் போட்டதும் அவர்தான். கோபக்காரி. ஆனால் பரிசளிப்பில் மட்டும் கோப்பையைத் தொடவே மாட்டார். குடம் மாதிரி வயிறு பருத்த அந்தக் கோப்பையின் மேல் அவருக்கு அப்படி என்ன கோபம் என்று யாருக்கும் தெரியாது.

"தப்பு என்னுது, நானே சொல்றேன்" என்று, வீடு திரும்பிய மகளோடு மணியம்மாளும் மைதானத்துக்குக் கிளம்பி வந்தாள்.

சுமலதா கோப்பையைச் சுற்றியிருந்த துண்டைப் பிரித்ததும் டீச்சர் அதைக் கையில் வாங்கினார். புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்தார். பக்கத்திலிருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"என் கல்யாணக் குடம்டி இது" என்றார். "மொத வருசம் சிலோன்லேருந்து புள்ளைங்க வந்து எறங்கிட்டாங்க. பொம்பளைங்க ஆட்டத்துக்குக் கப்பு குடுக்க ஊர்ல ஒருத்தனும் வரல. வீட்டுக் குடத்துக்கே ரெண்டு காது வச்சுப் பத்தவச்சு எடுத்தாந்தேன். அப்பறம் கமிட்டிக்குப் பெரிய மனுசங்க வந்தாங்க. ஒரு நாள் அந்த எடத்துல வெள்ளிக் கப்பு நின்னுச்சு. என் குடத்தத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிட்டாங்கன்னு நெனச்சேன். கேக்க ரோஷம் வுடல. இத்தினி வருசமா என் குடம் அந்த முலாமுக்குள்ளயேதான் இருந்திருக்கு."

சொல்லிவிட்டுக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். டீச்சர் அழுவதை அந்த மைதானம் பார்த்ததே இல்லை.

மணியம்மாள் கையைப் பிசைந்தாள். "நான்தாங்க தேச்சது. புள்ளைங்கள ஆட வுட்ருங்க."

"கப்பு நல்லாத்தானே இருக்கு? சேதம்னு யார் சொன்னா?" டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டு சுமலதாவை முறைத்தார். "நீ என்னாடி நிக்கிற? போய் ஷூவ மாட்டு."

சுமலதா அங்கேயே புல்தரையில் பொத்தென்று உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாக அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். காலையிலிருந்து அவள் ஒழுங்காக மூச்சே விடவில்லை.

டீச்சர் அதற்குள் கமிட்டி ஆளைக் கூப்பிட்டுவிட்டார். "விதிய மாத்தி எழுதுப்பா. இனிமே இதுக்கு யாரும் முலாம் பூசக் கூடாது. எந்த நாட்டுக்காரி ஜெயிச்சாலும், கப்போட ஒரு உருண்டை புளியும் குடுத்தனுப்பணும்."