எட்டாம் வளைவில் மாயாண்டி

"மேல போறப்பவா, திரும்பி வாரப்பவா?" என்று நவமணி கேட்டபோது, சைக்கிள் மன்றத்தின் செயலாளர் கார்த்திகேசு சவ வண்டியின் நெற்றியில் பதாகை கட்டிக்கொண்டிருந்தார். வாயில் கயிறு. பதில் சொல்லாமலிருக்க அது வசதியாகவும் இருந்தது. பதாகையில் 'மலையை வென்ற மாவீரன்' என்பது பெரிய சிவப்பு எழுத்தில் அகலமாக உட்கார்ந்திருந்தது. 'மாயாண்டி' என்பதற்கு இடம் போதாமல், கடைசி இரண்டு எழுத்துகள் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு நின்றன.

கயிற்றை முடிந்துவிட்டுச் சொன்னார்: "மேல போறப்பதாம்மா. தலைவரு பேச்சுலயும் அப்படித்தான் எழுதியிருக்கு."

"பாத்தவங்க யாராச்சும் சொன்னாங்களா?"

"பாக்கணுமா என்ன? அண்ணே பாதியில திரும்புற ஆளா?"

அதுதான் நவமணிக்கும் தெரிய வேண்டியிருந்தது.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, பத்து காஜா ஊரிலிருந்து மகள் பாப்பாவைப் பெண் பார்க்க ஆள் வருவதாக இருந்தது. இந்த ஒரு வாரம் மலைக்குப் போகாதீர்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். புருஷன் மாயாண்டி சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, பாதி தூரம் போய்விட்டுத் திரும்பிவிடுவதாகவும் பதினொரு மணிக்கெல்லாம் குளித்துச் சட்டை மாற்றி நிற்பதாகவும் சொன்னார். அவள் நம்பவில்லை. வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை முதலாளிகள் துண்டு போட்டு விற்ற பிறகு ஈப்போவில் சிலிபினுக்குக் குடிவந்து, பஸ் கம்பெனிப் பட்டறையில் சேர்ந்து, ஒரு பழைய ரேஸ் சைக்கிளை வாங்கியதிலிருந்து பன்னிரண்டு வருடமாக ஞாயிறு தவறியதில்லை. விடியுமுன் கிளம்பி, தஞ்சோங் ரம்புத்தான் தாண்டி, ஆளில்லாத ரப்பர் மரங்களுக்கு நடுவே ஏறி, பதினேழு வளைவு மிதித்து உச்சியைத் தொட்டுவிட்டுத்தான் வருவார். அங்கே என்னதான் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டதற்கு, "ஒன்னும் இல்லலா. அதான் போறேன்" என்றார்.

பன்னிரண்டு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அப்பா எங்கே என்று மாப்பிள்ளையின் அம்மா பாப்பாவிடமே கேட்டுவிட்டாள். பாப்பாவுக்குப் பொய் சொல்ல வராது.

"அப்பா தஞ்சோங் ரம்புத்தான்ல இருக்காங்க."

ஈப்போ வட்டாரத்தில் யார் அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலும் அங்குள்ள பெரிய மனநோய் மருத்துவமனையைத்தான் நினைப்பார்கள். அந்த அம்மாள் கோப்பியை மெதுவாகக் கீழே வைத்தாள். எத்தனை வருடமாக என்று இரக்கத்தோடு விசாரித்தாள். பன்னிரண்டு வருடம் என்று பாப்பா சொன்னாள். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்று விளக்கினாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று. ஒரு மணிக்கெல்லாம், கடித்த வடையைக் கடித்தபடியே வைத்துவிட்டு அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

நவமணி அதற்கு முன்பே, பதினொன்றரைக்கே திட்டத் தொடங்கியிருந்தாள். வாணலியைத் திட்டினாள், கரண்டியைத் திட்டினாள், குறுக்கே வந்த பூனையைத் திட்டினாள். எல்லாம் ஒரே ஆளுக்குப் போய்ச்சேர வேண்டிய திட்டு. பேச்சுக்கு மதிப்பில்லாத மனுசன், பெத்த மகளைவிட மலை பெரிசாகப் போன மனுசன், இந்த மனுசன் வீட்டுக்கு வரட்டும். இரண்டரை மணிக்குப் போலீஸ்காரர் வந்து சொன்னார். மாரடைப்பாம். காலை ஒன்பது மணி வாக்கிலேயே முடிந்துவிட்டதாம்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து மணியைக் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். அவள் திட்டிய திட்டெல்லாம் செத்த மனிதரைத் திட்டியது. அவர் சொன்னபடி திரும்பிக்கொண்டிருந்தாரா, வழக்கம்போல ஏறிக்கொண்டிருந்தாரா என்பது ஒன்றுதான் மிச்சம். அதற்குப் பிறகு அவள் அழவில்லை, அதிகம் பேசவும் இல்லை. கல்லாட்டம் இருக்கிறாளே என்று பெண்கள் ஒருவர் காதில் ஒருவர் சொன்னது அவளுக்கும் கேட்டது.

மன்றத்தார் காலையிலிருந்தே வீட்டை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மன்றத்துக்குத் தலைவர் ஒருவர், துணைத்தலைவர்கள் இருவர், செயற்குழுவில் பதினொருவர், கொடி, முத்திரை, பெயர் அச்சிட்ட தாள் எல்லாம் உண்டு. சைக்கிள் ஓட்டியவர் மாயாண்டி மட்டும். நேற்றோடு அந்தக் குறையும் தீர்ந்தது. தலைவர் சொக்கநாதன் பெரிய காரில் வந்து இறங்கி, கார் நிற்க இடம் வேண்டுமென்று பறைக்காரர்களைச் சாக்கடைக்கு அந்தப் பக்கம் அனுப்பினார். மூன்று மணிக்கு இரங்கலுரை, மூன்றரைக்கு எடுப்பது என்று ஏற்பாடு.

இரண்டே முக்காலுக்கு வாசலில் சலசலப்பு. கட்டையாக ஓர் ஆள், முழங்கால் வரை செம்மண்ணோடு, மாயாண்டியின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றான். கார்த்திகேசு ஓடிப்போய்ச் சைக்கிளை வாங்கினார். ஐந்து நிமிடத்தில் அதற்கு மாலை போட்டுச் சவ வண்டியின் முன்னால் கட்டியாயிற்று. கொண்டுவந்தவனை ஒருவரும் உட்காரச் சொல்லவில்லை. அவன் பின்பக்கமாக வந்து, குழாயடியில் கால் கழுவினான்.

நவமணி எழுந்து போனாள். மலையில் எட்டாம் வளைவில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குக் காவல்காரன், பெயர் ராமையா என்று சொன்னான். போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுச் சைக்கிளை வாங்கி, அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறான்.

"ஓட்டிக்கிட்டு வந்திருக்கலாமே."

"ஏறி மிதிக்க மனசு வரலக்கா."

அவள் குழாயை மூடினாள். "நீங்கதான் பாத்தீங்களா?"

"நாந்தாங்க்கா. வாராவாரம் எங்கிட்ட ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுத்தான் மேல போவாரு. நேத்து குடிச்சிட்டு வண்டிய திருப்பி வச்சாரு. என்னண்ணே, மேல போகலயான்னு கேட்டேன். வூட்டுக்கு ஆளு வருது, சொல்லிட்டு வந்திருக்கேன்னாரு."

"திருப்பித்தான் வச்சாரா?"

"ஆமாக்கா. வண்டி கீழ பாத்து நின்னுச்சு. இவரு ஓரத்துக் கல்லுல உக்காந்து மேல பாத்துக்கிட்டே இருந்தாரு. லேட்டாப் போனா அக்கா திட்டுவாங்களேன்னு சும்மா சீண்டினேன்." ராமையா காலில் மிச்சமிருந்த மண்ணைத் தேய்த்துவிட்டான். "திட்டினா பரவால்லலா, பேசாம இருந்துட்டாதான் சோறு எறங்காதுன்னாரு. சிரிச்சாரு. நான் வாளிய எடுத்து வச்சிட்டுத் திரும்புறேன், சாஞ்சிருக்காரு. அசதின்னு நெனச்சேங்க்கா."

முன்வாசலில் ஒலிபெருக்கி இருமியது. தலைவர் தொடங்கிவிட்டார். இன்று தமிழினம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று கேட்டார். விளையாட்டின் அருமையைச் சொன்னார். மன்றத்தைத் தாம் தொடங்கிய நாளில் எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்பதை ஒவ்வொருவராகச் சொன்னார். கால் மணி நேரம் கழித்து மாயாண்டிக்கு வந்தார்.

"முன்வைத்த காலைப் பின்வைக்காதவன். திரும்புதல் என்ற சொல்லையே அறியாதவன். சிகரத்தை நோக்கிச் செல்லும்போதே..."

நவமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவள் தம்மிடம்தான் ஏதோ சொல்ல வருகிறாள் என்று நினைத்துத் தலைவர் ஒலிவாங்கியைச் சற்றுத் தாழ்த்தினார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். மாயாண்டியின் கன்னத்தில் ஒட்டியிருந்த சாமந்தி இதழை எடுத்தாள்.

"மணி என்னா ஆச்சு?" என்றாள்.

பாப்பா நிமிர்ந்து பார்த்தாள்.

"பதினொரு மணின்னுதான சொல்லிட்டுப் போனீங்க. வெள்ளச் சட்டைய தேச்சு ஆணியில மாட்டி வச்சேன். யாரு போடுவா அத? வந்த சனங்க முன்னால நான் ஒத்தையா நின்னேன். ஓங்க மக என்னா சொல்லி வச்சா தெரியுமா அவங்ககிட்ட? வர முடியலன்னா ஒரு ஆளுகிட்ட சொல்லி அனுப்பத் தெரியாது? நெஞ்சு வலின்னு ஒரு நாளாச்சும் வாயத் தொறந்தீங்களா? வடைக்கு ஒரு கிலோ பருப்பு ஊறப் போட்டேன்..."

குரல் ஏறவில்லை. சமையலறையில் நின்று பேசுவதைப் போலவே பேசினாள். ஒப்பாரி வைக்கிறாள் என்று நினைத்து ஒரு கிழவி கூடச் சேர வாயெடுத்து, சொற்கள் வேறு மாதிரி இருக்கவே மூடிக்கொண்டாள். தலைவர் கையில் இன்னும் இரண்டு தாள்கள் இருந்தன. அவற்றை நீளவாக்கில் மடித்தார், பிறகு இன்னொரு முறை மடித்தார்.

மூன்றரை ஆனது. தூக்குகிறவர்கள் நான்கு பேரும் வந்து பெட்டியருகே குனிந்தார்கள். அவள் நிறுத்தவில்லை. பேச்சு போன தீபாவளிக்கு ஒழுகிய கூரைவரை வந்திருந்தது. கார்த்திகேசு கடிகாரத்தைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார், நால்வருக்கும் கை காட்டினார். அவர்கள் நிமிர்ந்து தள்ளி நின்றார்கள்.

வெளியே சவ வண்டி ஓட்டுநர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு எஞ்சினை அணைத்தார்.