நாக்குக்குச் சாட்சி

சுஜீவன் பேசுவது இலங்கைத் தமிழே இல்லை என்று கண்டுபிடிக்க, ஏழு கடல் தாண்டி ஒரு வெள்ளைக்கார அலுவலகம் வேண்டியிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து கூலிக்கு வந்த பூட்டன் காலத்திலிருந்து இலங்கை மலைநாட்டு ராகலைக்கு மேலே தேயிலைக்கு உரமாகிக்கொண்டிருக்கிற குடும்பம் அவனுடையது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், லயத்துக் காம்பராவில் பிறந்து, அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே படித்து, வலப்பனையில் ஒரு கராஜில் வேலை பழகியவன். அவனைப் போய் "இந்தியாக்காரன், பொய் சொல்லித் தஞ்சம் கேட்கிறான்" என்று எழுதி வைத்துவிட்டார்கள்.

இதை அவனுடைய அக்கா ஜொய்சிக்குத் தொலைபேசியில் சொன்னவள் அனுஷ்கா. அந்த நாட்டில் சுஜீவனுடைய வக்கீலுக்கு மொழிபெயர்ப்பவள், யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு அங்கேயே பிறந்தவள். ஜொய்சி தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இடைவேளை மணி அடித்து, பிள்ளைகள் வெளியே இரைந்துகொண்டிருந்த நேரம். காதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, தம்பியின்ர பேச்சை ஒரு நிபுணருக்குப் போட்டுக் காட்டினவை. அவர் சொல்லுறார், இது தமிழ்நாட்டுத் தமிழாம். விசேஷமா அந்த 'ற்ற' சத்தம். நாங்கள் நேற்று எண்டு சொல்லேக்க நாக்கு நுனி பல்லுக்கு மேல முரசில படும். தம்பி 'நேத்து' எண்டு பல்லில படுத்துறார். இலங்கைத் தமிழர் அப்பிடிச் சொல்லுறேல்லயாம்."

"என்னங்க இது அநியாயமா இருக்கு? நாங்க எல்லாரும் அப்படித்தானே பேசுறோம்! பேர்த் சர்ட்டிபிகேட் அனுப்பினோமே?"

"பேப்பரை ஆரும் வாங்கலாம், நாக்கை வாங்கேலாது எண்டு சொல்லினம் அக்கா. அதோட தம்பி போனது இந்தியப் பாஸ்போட்டில."

அது உண்மைதான். சென்னை வழியாக அனுப்பிய ஏஜென்ட் கையில் திணித்த பாஸ்போர்ட் அது. போன வருஷம் சுஜீவனின் கூட்டாளி திலக்ஷனை ஒரு களவுச் சந்தேகத்தில் பொலிஸ் பிடித்துப் போனது. கூடவே இழுத்துப் போன சுஜீவனின் கண்ணெதிரில் அவனை அடித்தார்கள். விடிவதற்குள் திலக்ஷன் செத்துப்போனான். சுவரில் தானே முட்டிக்கொண்டான் என்று கதை கட்டினார்கள். சுஜீவன் நீதவான் முன்னால் போய் நடந்ததை நடந்தபடி சொன்னான். அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் ஆட்கள் அவனைத் தேடி வர ஆரம்பித்தார்கள். கராஜ் முதலாளி கைவிரித்தார். திரும்பி வந்தால் அவனை உயிரோடு விட மாட்டார்கள் என்பது தோட்டத்துக் குழந்தைக்கும் தெரியும்.

அனுஷ்கா நல்ல பெண். நேரம் பார்க்காமல் விளக்கினாள். இந்த 'ட', 'த' வகைச் சத்தம் இல்லாத பாஷை உலகத்தில் அபூர்வமாம். ஆனால் அது பிறக்கிற இடம்தான் வாய்க்கு வாய் வேறாம். பிரெஞ்சுக்காரருக்குப் பல்லில் பிறக்கிறது, இங்கிலீஷ்காரருக்குப் பல்லுக்கு மேலே முரசில் பிறக்கிறது. நமக்குப் பல்லில் ஒன்று, நாக்கை மடக்கி அண்ணத்தில் ஒன்று. யாழ்ப்பாணத்தார் நடுவில் முரசிலும் ஒன்று வைத்திருக்கிறார்கள். பசிபிக் கடலில் ஒரு தீவுக்காரர் இதெல்லாம் என்ன தொல்லை என்று 'க'வை வைத்தே காலத்தை ஓட்டுகிறார்களாம். இத்தனை நாக்குக்கும் இந்தப் பூமியில் இடம் இருக்கிறது, என் தம்பி நாக்குக்கு மட்டும் இல்லையா என்று ஜொய்சி நினைத்தாள்.

"ஒரு வழி இருக்கு அக்கா. தம்பி வளர்ந்த இடத்து ஆக்கள் கதைக்கிறதைப் பதிஞ்சு அனுப்புங்கோ. அம்மா, அயலட்டைச் சனம், ஆரெண்டாலும். சும்மா சாதாரணமாக் கதைக்கட்டும். மேன்முறையீட்டுக்கு அது போதும்."

சாதாரணமாக. அந்த ஒரு சொல்லை ஜொய்சி பிடித்துக்கொண்டிருந்தால் இந்தக் கதையே வேறு.

அவளையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது. ஆசிரியப் பயிற்சிக்கு யாழ்ப்பாணம் போன புதிதில், வகுப்பில் எழுந்து "நேத்து" என்றதற்கு விரிவுரையாளர் சிரித்தார், பின்னால் வகுப்பே சிரித்தது. அன்று இரவு விடுதிக் கண்ணாடி முன்னால் நின்று நாக்கு நுனியை முரசில் வைத்து வைத்துப் பழகினாள். திரும்பி வந்தபோது அவள் "வெற்றி" என்று சொல்வதைக் கேட்கத் தோட்டத்துச் சனம் வாயைப் பிளந்தது. வீட்டில் தாயோடு பேசுகிறபோது பழைய பேச்சுத்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில், மாதா கோயிலில், மைக்குக்கு முன்னால் அவள் வேறு ஆள்.

தோட்டத்தில் எல்லாருமே அப்படித்தான். சங்கக் கூட்டமோ, சாமி திருவிழாவோ, சாவு வீட்டு இரங்கலோ, மைக்கை நீட்டினால் போதும், கொழுந்துக்கூடை இறக்கி வைத்த கையோடு "எனது அன்பார்ந்த உறவுகளே" என்று ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டுப் பேச்சை மைக்கில் பேசுவது, கிழிந்த சீலையோடு கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜொய்சி போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் அம்மா தெரேசா. பேசச் சொன்னதும் கிழவி பொங்கிவிட்டாள்.

"ஏன்டா நாசமா போனவனுங்களா, எம்புள்ளய எந்தூருன்னாடா கேக்குறீங்க? நேத்து வந்தவனாடா அவன்? அந்தா, அந்தக் காம்பராவுலதான்டா பெத்தேன். காத்தும் மழையும் போட்டு அடிக்குது, மருத்துவச்சி கூட வந்து சேரல. ஒங்க வாயில மண்ணு விழ..." அதற்கு மேல் வந்ததெல்லாம் அச்சில் ஏறாது. கடைசியில் அழுகைதான்.

ஜொய்சிக்கு உடம்பு கூசிப்போனது. "அம்மா, வெள்ளைக்காரங்க கேக்கப் போறாங்க. இப்படியா பேசுறது? நம்மள காட்டுமிராண்டின்னு நெனைக்க மாட்டாங்களா?" என்று சொல்லி அதை அழித்துவிட்டாள்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. இலங்கைத் தமிழர் நேற்று என்றுதான் சொல்வார்களென்று அந்த நிபுணர் எழுதியிருக்கிறார். சரி, நம் சனத்தையும் அப்படியே சொல்ல வைத்தால்? இவர்கள் அசல் இலங்கைத் தமிழர், இவர்கள் வளர்த்த பிள்ளையும் இலங்கைத் தமிழன் என்று ஆகிவிடுமே! கணக்குச் சரியாகத்தான் பட்டது. படித்தவளின் கணக்கு.

அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தாள். எழுத்துத் தெரியாதவளுக்கு வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தாள். "எனது பெயர் தெரேசா. எனது மகன் இங்குதான் பிறந்தான். அன்று பலத்த காற்று வீசியது." காற்றுக்கு நாக்கை எங்கே வைப்பது என்று தன் வாயைத் திறந்து காட்டினாள். வெற்றிலைக் காவி ஏறிய வாயைத் திறந்து அம்மாவும் வைத்துப் பார்த்தாள். வரவில்லை. பிறகு வந்தது. மகன் உயிருக்காக அந்த வயதில் நாக்கை வளைத்தாள் தெரேசா.

பக்கத்துக் காம்பரா காளியாயி, சுஜீவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். "புள்ள, போட்டோவும் புடிப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு, ஜொய்சி சொல்லிக் கொடுத்ததை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். மாதா கோயில் உபதேசியார் செபஸ்தியாம்பிள்ளைக்குச் சொல்லியே கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பரிசுத்த வேதாகமம் வாசிக்கிற குரலில் சுஜீவனின் நற்குணங்களை அடுக்கினார். ஒருவர் கூடத் திக்கவில்லை. கேட்டுப் பார்த்த ஜொய்சிக்குக் கண் கலங்கியது. எவ்வளவு அழகாகப் பேசுகிறார்கள் நம் சனம் என்று பெருமையாக இருந்தது.

நேரே வக்கீலுக்கு அனுப்பினாள். அனுஷ்கா அந்த வாரம் வேறு ஊரில் வேலையாக இருந்தாள். கெடு முடிகிறதென்று வக்கீல் அதைக் கேட்டும் பாராமல் கொடுத்துவிட்டார். கேட்டிருந்தாலும் அவருக்கு என்ன விளங்கியிருக்கும்?

விசாரணை முடிந்த அன்று அனுஷ்கா தொலைபேசியில் அழைத்தாள். குரலே மாறியிருந்தது.

"அக்கா, என்ன செய்தனீங்கள்? எல்லாரும் யாழ்ப்பாணத்து ரீச்சர் மாதிரிக் கதைச்சிருக்கினமே! நான் சாதாரணமா எண்டுதானே சொன்னனான்? இவையின்ர பேச்சும் தம்பியின்ர பேச்சும் ஒண்டில்ல, இவர் அந்த இடத்து ஆளே இல்லை எண்டு முடிச்சிட்டினம். வேற ஏதும் இருக்கா அக்கா? அம்மா சும்மா கதைச்சது, ஏசினது, ஏதும்?"

"இருந்துச்சு" என்றாள் ஜொய்சி. புதிதாகப் பதிந்து அனுப்பட்டுமா என்று கேட்டாள். இனி எதை அனுப்பினாலும் பழக்கிக் கொடுத்தது என்பார்கள் என்றாள் அனுஷ்கா.

அதற்கப்புறம் நடந்ததைக் கேட்டால் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாது. இந்தியாக்காரன் என்று முடிவு கட்டியவர்கள் இந்தியத் தூதரகத்தில் கேட்டார்கள். அவன் எங்கள் ஆள் இல்லை என்று அங்கே கையை விரித்துவிட்டார்கள். இலங்கைத் தூதரகத்தில் கேட்டார்கள். நம் ஆள்தான், தாராளமாக அனுப்புங்கள் என்று உடனே பயணப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். தஞ்சம் கேட்கும்போது இலங்கைக்காரன் இல்லாதவன், விமானம் ஏற்றும்போது இலங்கைக்காரன் ஆகிவிட்டான்.

சுஜீவன் தடுப்பு முகாமிலிருந்து பேசினான். வெள்ளிக்கிழமை கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறக்குவார்களாம்.

"அக்கா, அந்த ரெக்கோடிங்க எனக்குப் போட்டுக் காட்டுனாங்க. ஒவ்வொண்ணா போட்டு, இது யாருன்னு கேட்டாங்க. உபதேசியார கண்டுபுடிச்சிட்டேன். ஒரு பொம்பள கொரல், எனக்குத் தெரியல. யாரோ டீச்சர் போலன்னு சொன்னேன்." அவன் விம்மினான். "அது அம்மாவாம்க்கா. பெத்த தாயி கொரலே தெரியாதவன்னு எழுதிட்டாங்க."

தான் செய்ததுதான் என்று சொல்ல ஜொய்சிக்கு வாய் வரை வந்தது. அதற்குள் நேரம் முடிந்து லைன் அறுந்துவிட்டது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு ராகலை பஸ் நிலையத்தில் நின்றபோது ஒரு மோட்டார் சைக்கிள் அருகே வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவன் சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டான், மல்லி, அதாவது தம்பி, வெள்ளிக்கிழமைதானே வருகிறார் என்று. பதிலுக்குக் காத்திருக்காமல் கிளம்பிவிட்டான்.

வீட்டுக்குப் போனாள். அம்மா அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். விமானத்தைப் பற்றி அவளுக்கு நேற்றே சொல்லியாகிவிட்டது. அழுது முடித்து, வேறு செய்ய எதுவும் இல்லாதவள் போல இருந்தாள்.

"எங்கொரல அவனுக்குப் போட்டாங்களா புள்ள?" என்று கேட்டாள் தெரேசா.

"போட்டாங்கம்மா."

"கேட்டுட்டு என்ன சொன்னான்?"

பொய் சொல்ல ஜொய்சி எவ்வளவோ முயன்றாள். அழுதான் என்று சொல்லியிருக்கலாம். அம்மா என்று கூப்பிட்டான் என்றாவது சொல்லியிருக்கலாம். கிழவி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருன்னு தெரியலன்னு சொன்னாம்மா."

தெரேசா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். கோபம் எதுவும் இல்லை அந்த முகத்தில்.

"அவனுக்கு எப்படித் தெரியும்? நீ போட்டுக் காட்டுனப்ப எனக்கே தெரியலியே. நீ டீச்சரு, ஒனக்குத் தெரியும்னு சும்மா இருந்துட்டேன்" என்றாள்.